வால்டேரில் அண்ணா ரசித்த இயற்கை

என் அண்ணா லக்ஷ்மிநாராயணனைப் போல ஓர் இயற்கை ரசிகனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. 1959-ஆம் வருஷம், நவம்பர் பதினைந்தாம் தேதி வாக்கில், காலைக் காப்பிக்குப் பிறகு திடீரென்று ரசிகன் ஆனவன் அவன். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் இதே பூனாவில் குப்பை கொட்டியிருக்கிறான். நாங்கள் இருக்கும் ராஸ்தா பேட்டிலிருந்து பர்வதி மலை என்ன காசி தூரமா? ஒரு நாள் ஏறியதில்லை. ஆபீஸில் எல்லோரும் பஸ் வைத்துக்கொண்டு சிம்மகட் கோட்டைக்குப் போனபோது, "கல்லைப் பாக்க யாராவது காசு குடுத்துப் போவாளா?" என்று கேட்டுவிட்டு வீட்டில் குறட்டை விட்டவன். மழைக் காலத்தில் ஊரைச் சுற்றி மலையெல்லாம் பச்சையாக நிற்கும்; அண்ணாவுக்கு வேட்டி காயவில்லையே என்ற ஒரே கவலை.

அப்படிப்பட்டவன் அன்றைக்குத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சாவித்ரி, மனுஷனாப் பொறந்தா வால்டேரை ஒரு தடவை பாக்கணும். மலையும் கடலும் ஒண்ணா இருக்கற ஊர்" என்றான். நான் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காய்ச்சலோ என்று பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஜாதகம் பொருந்தியிருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா ராணுவ ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். மன்னி காலமாகிப் பத்து வருஷம். ஒரே பெண் லீலா. இருபத்தாறு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மாநிறம். குரல் மட்டும் அத்தனை இனிமை. பூனாவில் பாதிப் பேர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் பம்பாயோடு பேசினார்கள். கல்யாணச் சந்தையில் குரலுக்கு விலை கிடையாது. வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என்னை ஒன்பது பேர் பார்த்தார்கள். பத்தாவது ஆள் வருவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். அந்த மட்டில் தப்பித்தேன்.

லீலாவை நாலு பேர் பார்த்தாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வழக்கப்படி சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்தாக வேண்டும். எங்கள் வாடாவிலோ பதினொரு குடித்தனம், ஒரு முற்றம், ஒரு குழாய். நெய்யில் ரவை வறுபட்ட அடுத்த நிமிஷம் பதினொரு குடித்தனத்துக்கும் தந்தி போய்விடும். வீட்டுக்காரி தமயந்தி பாய் மராட்டிக்காரி. அவர்கள் வீட்டில் பெண் பார்க்க வந்தால் வெங்காயம் போட்ட போஹே, நம் அவல் உப்புமா மாதிரி. ஆனால் எங்கள் சொஜ்ஜி வாசனைக்கு என்ன அர்த்தம் என்று நாலு தடவையில் நன்றாகப் படித்துக்கொண்டுவிட்டாள். மறுநாள் குழாயடியில் அவள்தான் முதலில், "காய் ஜாலா?" என்பாள். என்ன ஆச்சு என்று. என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பத்து நாளில் ஒரு கடிதம் வரும். பெண்ணின் நிறம் சற்று மட்டு, கூந்தல் போதாது, முகத்தில் களை குறைவு, க்ஷமிக்கவும். நாலு கடிதமும் ஒரே ஆள் சொல்ல ஒரே ஆள் எழுதினது மாதிரி இருக்கும்.

அண்ணா ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு மடித்து வைப்பான். "நம்ம பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டுதானே, அவாளைச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்பான். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் வாங்கி வருவான். நான் குழைத்து லீலாவுக்குத் தேய்த்துவிடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது ஜாதகம் வால்டேர். பையன் கிருஷ்ணஸ்வாமி, துறைமுகத்தில் குமாஸ்தா. பூனாவுக்கு அவர்களை வரவழைத்தால் மறுபடி சொஜ்ஜி, மறுபடி தமயந்தி பாய். அண்ணா மூளையைக் கசக்கி ஒரு யுக்தி செய்தான். நாமே வால்டேருக்குப் போவது. ஊர் பார்க்க வந்த மாதிரி ஒரு மலைமேல் உட்கார்ந்திருப்பது. அவர்களும் காற்று வாங்க வந்த மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போவது. பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பையனின் அம்மாவும் சம்மதித்து எழுதினாள். அடையாளத்துக்குப் பெண் மாம்பழக் கலர் பட்டு, அரக்கு பார்டர் கட்டியிருப்பாள் என்று பதில் போனது.

இதோடு வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் ஆபீஸில் லீவு கேட்கக் காரணம் வேண்டுமே, வாடாவில் கேட்டால் சொல்ல வேண்டுமே. அண்ணா ஒரு ரயில்வே கைப்புத்தகத்தை வாங்கி மனப்பாடம் பண்ணினான். முற்றத்தில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் ஒப்பித்தான். "நீலக் கடல், பச்சை மலை, நடுவிலே கப்பல்! அந்தக் கடல்லே சூரியன் அஸ்தமிக்கற காட்சி இருக்கே, ஆயுசுக்கும் மறக்காது!" இவன் எங்கே பார்த்தான், மறப்பதற்கு?

ஒரு மாதம் இப்படிப் புகழ்ந்தால் என்ன ஆகும்? மாடிக் குடித்தனம் ஸ்வாமிநாதன், அண்ணாவின் ஆபீஸ்தான், டிசம்பர் பத்தாம் தேதி பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். "ஓய், உம்ம பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துடுத்து. நானும் லீவு போட்டுட்டேன். பார்வதியும் கோமளாவும் கூட வரா. ஒரே கம்பார்ட்மெண்ட்ல டிக்கட்!" என்றார். அண்ணா சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்; கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது கூட அவன் முகம் அப்படிப் போனதில்லை.

கோமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்வாமிநாதன், பார்வதி தம்பதியின் பெண், பத்தொன்பது வயது. ராஸ்தா பேட்டில் அழகு என்றால் கோமளாதான். சுண்டினால் ரத்தம் வரும் நிறம், முழங்கால் வரை பின்னல். நல்ல பெண்; அழகாக இருப்பதைத் தவிர வேறு ஒரு தப்பும் செய்யாதவள். பெண்ணைக் காட்டப் போகும் இடத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். எப்படி இருக்கிறது சாமர்த்தியம்?

செகந்திராபாத், பெஜவாடா என்று வண்டி மாறி மாறி, மூன்று தூக்குப் புளியோதரையும் தீர்ந்து, வால்டேர் ஸ்டேஷனில் இறங்கினோம். ஊர் நிஜமாகவே அழகு. அதைப் பொய் சொல்லக்கூடாது. சிவப்பு மண் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக் கடலில் காலை நனைத்துக்கொண்டிருந்தன. தெரு திரும்பினால் மலை, மலை திரும்பினால் கடல். பூனாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பிய நாங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே அதைக் கழற்றினோம். லீலா ஜட்காவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "வெயில்ல தலையை நீட்டாதே, முகம் கறுத்துப் போயிடும்" என்றான் இயற்கை ரசிகன்.

முதல் நாள் சிம்மாசலம். நரசிம்மரைச் சேவித்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் முகூர்த்தம். துறைமுக வாயை ஒட்டி மூன்று குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் கோவில், ஒன்றில் தர்கா, ஒன்றில் மாதா கோவில். கோவில் குன்றின் நடுவில் ஒரு திட்டு. அங்கேதான் பெண்கள் உட்கார வேண்டும். பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்றால் அது பெண் பார்ப்பதாகிவிடும் அல்லவா? அதனால் அண்ணா ஸ்வாமிநாதனை இழுத்துக்கொண்டு மூன்று மணிக்கே மேலே போய்விடுவான். உச்சியில் கைப்பிடிச் சுவரருகே கடலைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். திரும்பியே பார்க்க மாட்டான். நாங்கள் நாலு பேரும் ஜட்காவில் வந்து, காரியம் முடிந்ததும் முதலில் சத்திரம் திரும்பிவிட வேண்டும். இத்தனையும் எனக்கும் லீலாவுக்கும் மட்டும் தெரியும்.

சத்திரத்தில் நான் தலை வாரி முடித்து அறைக்குள் போனால், மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றவள் கோமளா. லீலா அவளுக்குக் கொசுவத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். தான் மட்டும் ஆபீஸுக்குக் கட்டும் நீலக் கைத்தறியில் இருந்தாள்.

"ஆசையா இருக்குன்னா அத்தை, ஒரு நாளைக்குக் கட்டிக்கட்டுமே" என்றாள் லீலா, என்னைப் பார்க்காமல்.

பார்வதி வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். நான் லீலாவைத் தனியாகக் கூடத்துக்கு இழுத்தேன். "உனக்குப் பைத்தியமா? உங்கப்பா கொன்னு போட்டுடுவான்!"

"அத்தை, நாலு தடவை தலையைக் குனிஞ்சுண்டு உக்காந்தாச்சு. இவ்வளவு தூரம் வந்து இங்கேயும் தரையையே பாத்துண்டு உக்காரணுமா? எனக்குக் கடலைப் பாக்கணும். ஒரு மணி நேரம். அப்புறம் என்ன வேணாப் பண்ணுங்கோ."

நான் அவளைத் திட்டியிருக்க வேண்டும். புடவையை மாற்ற வைத்திருக்க வேண்டும். ஆனால் என்னைப் பார்த்த ஒன்பது தடவையும் விரித்த பாய் என்ன நிறம், கோரை எத்தனை என்பது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. வந்தவர்கள் முகம் ஒன்று கூட நினைவில்லை. "எப்படியோ போ" என்று ஜட்காவைக் கூப்பிட்டேன்.

நாலரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு சித்தப்பா. காற்று வாங்க வந்தவர்கள் யாராவது பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக மலை ஏறுவார்களா? பையன் ஒல்லியாக, குடையை ஊன்றிக்கொண்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் நேராகப் பார்வதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊர் நீங்கள்லாம்?"

"பூனா மாமி. இயற்கைக் காட்சி பாக்க வந்தோம்" என்றாள் பார்வதி, சூது வாது தெரியாமல்.

"ஓஹோ, பூனாவா!" என்று அந்த அம்மாள் கோமளாவைப் பார்த்தாள். "ஏம்மா, அந்த வேர்க்கடலைக்காரனைக் கொஞ்சம் கூப்பிடேன்."

எனக்கு அந்த வித்தை தெரியும். நடக்க வைத்துப் பார்க்கிறாள். என்னையும் ஒருத்தி இப்படித்தான் விசிறி எடுத்துவரச் சொன்னாள். கோமளா எழுந்து, பின்னல் ஆட, ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அந்த அம்மாள் ஒரு பொட்டலம் வாங்கினாள். அது தீர்வதற்குள் எழுந்துவிட்டாள். "வரோம்" என்றாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பையன் போகிற போதும் செருப்பைத்தான் பார்த்தான்.

லீலா இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டின் ஓரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். கீழே, மலை மூக்குப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு பெரிய கப்பல் துறைமுக வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல அத்தனை கிட்டத்தில் போயிற்று. மேல்தட்டில் நின்ற ஒருவன் குன்றைப் பார்த்துக் கையை ஆட்டினான். லீலா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். காற்றில் தலைமயிர் முகமெல்லாம் பறந்தது, ஒதுக்கிக்கொள்ளவில்லை. நான் வளர்த்த பெண், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலை நான் சரியாகப் பார்க்கவில்லை.

நாங்கள் சத்திரம் திரும்பிப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்த பிறகு ரசிகர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஸ்வாமிநாதன் கொதித்துக்கொண்டிருந்தார். கடலில் சூரியன் அஸ்தமிப்பதைப் படம் பிடிக்கப் பெட்டிக் காமிராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். அந்த ஊரில் கடல் கிழக்கே. சூரியன் தன்பாட்டில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மலையில் இறங்கிப் போயிருக்கிறான். "ஒரு ஹெட் கிளார்க்குக்குக் கிழக்கு மேற்கு தெரியாதாங்காணும்?" என்று கத்தினார். அண்ணா காதில் எதுவும் விழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்தாளா? பாத்தாளா? நன்னாப் பாத்தாளா?" என்று கேட்டான். "நன்னாப் பாத்தா" என்றேன். பொய் இல்லையே.

பூனா திரும்பி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமளாவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லக் கண் இல்லாதவனால்தான் முடியும். பெண் பிடித்திருக்கிறது, தை மாதம் வருகிறோம் என்று எழுதிவிட்டால்? வந்து நின்று இவளைப் பார்த்தால்? "வேற பொண்ணைக் காட்டி ஏமாத்தப் பாத்தா" என்று ராஸ்தா பேட் முழுக்கச் சிரிக்கும். அப்புறம் லீலாவுக்கு எந்த ஜென்மத்தில் கல்யாணம்? ஒரு மணி நேரக் கடலுக்கு இந்த விலையா? பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டேன். "கடுதாசு வரட்டும் அத்தை. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானத் தபாலில் வந்தது. அண்ணா கூடத்தில் நின்றபடியே பிரித்தான். லீலா டியூட்டிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டப் போனவள் நின்றாள்.

அண்ணா உரக்க வாசித்தான். "உபய க்ஷேமம். பெண்ணின் நிறம் சற்று மட்டு. கூந்தல் போதாது. முகத்தில் களை குறைவு. ஆகவே இந்த சம்பந்தம் எங்களுக்குத் தோதுப்படாது. க்ஷமிக்கவும்."

கோமளாவுக்கா கூந்தல் போதாது? அண்ணாவுக்கு அதெல்லாம் தெரியாதே. அவன் கடிதத்தை நாலாக மடித்தான். "என்ன பண்றது? நம்ம பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டுதானே. அவாளைச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாவித்ரி, காப்பி இருக்கா?" என்றான்.

"அப்பா" என்றாள் லீலா. "அவா பாத்தது என்னை இல்லை. அன்னிக்கு அந்தப் புடவையைக் கட்டிண்டிருந்தது கோமளா. நான்தான் கட்டிவிட்டேன். அத்தைக்குத் தெரியும்."

அண்ணா என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு எங்கள் மேல் கோபம் வர நேரமில்லை. கடிதத்தைப் பையிலிருந்து பிடுங்கிப் பிரித்து மறுபடி படித்தான். முகம் சிவந்தது.

"கோமளாவையா? கோமளாவையா நிறம் மட்டுங்கறா? கண்ணு அவிஞ்சு போச்சா அவாளுக்கு! அந்தக் கொழந்தைக்குக் கூந்தல் போதாதா? முழங்காலுக்கு மேலே இன்னும் எவ்வளவு வேணுமாம்? மகாலக்ஷ்மி மாதிரி இருக்கற பொண்ணைப் போய், களை இல்லைன்னு எழுத அந்தப் பொம்மனாட்டிக்கு எப்படிக் கை வந்தது? என்ன நெனச்சுண்டிருக்கா, ஒரு பொண்ணைப் பத்தி என்ன வேணா எழுதலாமா? கேக்க ஆள் இல்லைன்னா? கொண்டா பேனாவை! நாக்கைப் பிடுங்கிக்கறாப்பல நாலு வரி எழுதறேனா இல்லையா பார்!"

மேஜைமேல் காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனை அப்படி ஒரு ஆவேசத்தில் நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோது கூட நிதானமாக நின்றவன்.

லீலா அவன் முதல் வரி எழுதி முடிக்கிறவரை நின்றாள். பிறகு, எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்கும் அதே குரலில், "நாலு கடுதாசு வந்ததேப்பா" என்றாள். "அதுலயும் இதேதான் எழுதியிருந்தது. ஒரு தடவையாவது யாருக்காவது இப்படி எழுதணும்னு உங்களுக்குத் தோணித்தா?"

அண்ணா பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தான். அவள் காத்திருந்தாள். நிஜமாகவே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள். முற்றத்துக் குழாயில் யாரோ குடம் நிரப்பும் சத்தம் கேட்டது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். என்னிடமும் ஒரு பதில் இருக்கிறதா என்று பார்த்தாள்.

என்னிடமும் இல்லை.